குறைத்துக் கேட்கும் ஏலம்

பொருளை விற்பவர் ஏலம் விட்டால் விலை ஏறும். வேலையைக் கொடுப்பவர் ஏலம் விட்டால் விலை இறங்கும். பாலமோ பள்ளிக்கூடமோ கட்ட வேண்டிய ஒரு துறை, தகுதி பார்த்துப் பொறுக்கிய ஒப்பந்ததாரர்களை ஒரே நேரத்தில் இணையத்தில் கூட்டுகிறது. ஒருவர் சொன்ன தொகைக்குக் கீழே இன்னொருவர் இறங்க, அதற்கும் கீழே மற்றொருவர் இறங்க, நேரம் முடியும்போது யாருடைய தொகை அடியில் நிற்கிறதோ அவருக்கு வேலை. ‘ரிவர்ஸ் ஆக்ஷன்’ என்று ஒப்பந்ததாரர்கள் சொல்லும் இந்த முறை கணினித் திரைக்கு வந்தது 1990களில். வழக்கம் அதைவிட ஈராயிரம் ஆண்டு மூத்தது. அதன் மீதான புகார்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

ரோமக் குடியரசில் அரசுக் கட்டுமானங்களை ஒப்பந்தத்துக்கு விடும் பொறுப்பு சென்சார்கள் எனப்பட்ட இரண்டு உயர் அதிகாரிகளிடம் இருந்தது. வரி வசூலிக்கும் உரிமையை அதிகம் தருபவருக்கும், கோயில், சாலை, கழிவுக் கால்வாய் வேலைகளைக் குறைத்துக் கேட்பவருக்கும் அவர்கள் ஏலத்தில் விட்டார்கள். கி.மு. 184இல் அந்தப் பதவிக்கு வந்த கேட்டோ சிக்கனத்துக்குப் பேர்போனவர். அவரும் அவருடைய சகா வலேரியஸ் ஃபிளாக்கஸும் வரிக் குத்தகையை உச்ச விலைக்கு ஏற்றினார்கள், கட்டுமான ஒப்பந்தங்களை அடிமட்ட விலைக்கு இறக்கினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் செனட்டிடம் முறையிட்டார்கள். ஒப்பந்தங்களை ரத்து செய்து மறுபடி விடும்படி செனட் ஆணையிட்டது. கேட்டோ பணிந்தார், ஆனால் முதல் ஏலத்தில் எடுத்துவிட்டுப் பின்வாங்கியவர் எவரும் இரண்டாவது ஏலத்துக்கு வரக்கூடாது என்று தடை போட்டுவிட்டு, தொகையில் சிறு மாற்றத்தோடு வேலைகளை மறுபடியும் விட்டார். எல்லை மீறிக் குறைந்த விலை, எடுத்தவரின் புலம்பல், அரசியல் தலையீடு, மறு ஏலம், கறுப்புப் பட்டியல் என்று இன்றைய பொதுப்பணித் துறை அலுவலகத்தில் நடப்பதெல்லாம் ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிய வரலாற்றின் அந்த ஒரே பத்தியில் இருக்கிறது.

ரோமானியர்கள் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு இத்தாலியின் பொட்சுவோலி நகரில் கிடைத்த கல்வெட்டு சாட்சி. கி.மு. 105இல் பூட்டியோலி என்ற பெயரோடு இருந்த அந்தத் துறைமுக ஊர், செராபிஸ் கோயிலுக்கு எதிரே ஒரு மதில் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டது. சிறிய வேலைதான், ஆனால் நிபந்தனைகள் விரல் அளவுக்கு இறங்குகின்றன. மதிலின் நடுவே 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் வாசல். அதன் மேல் 8 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், முக்கால் அடி உயரமுள்ள வலுவான ஓக் மர உத்தரம். பயன்படுத்தும் கல் எதுவும் காய்ந்த நிலையில் 15 ராத்தலுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. எடுத்தவர் நிலத்தைப் பிணையாகப் பதிவு செய்ததும் பாதிப் பணம்; வேலை முடிந்து ஏற்கப்பட்டதும் மீதிப் பாதி. ஏற்பது யார்? நகரத்தின் முன்னாள் நிர்வாகிகளில் 20 பேர் சத்தியம் செய்து ‘சரி’ என்று சொல்ல வேண்டும். வேலையை எடுத்த பிளாசியஸின் பெயரும் 1,500 செஸ்டெர்ஸ் தொகையும் கல்லில் கடைசியாக வருகின்றன. பிணை நின்றவர்களில் முதல் ஆளும் அவரேதான். தொகைக்கு ஒரு வரி, மற்றதெல்லாம் வேலையைப் பற்றியது. பிற்கால ஏலங்கள் பலவற்றில் இந்த விகிதம் தலைகீழானது.

பிரான்ஸில் மன்னராட்சிக் காலத்தில் இதே முறை மெழுகுவர்த்தியோடு நடந்தது. சிறு திரியை ஏற்றி வைத்து, அது எரியும்வரை ஒப்பந்ததாரர்கள் வாயால் தொகையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சுடர் அணையும் கணத்தில் நிற்கும் தொகைக்கு வேலை. கடைசி நொடிவரை காத்திருந்து கேட்பதும் அந்த மெழுகுவர்த்திக் காலத்திலேயே தொடங்கிவிட்ட தந்திரம். இதன் விளைவுகளைக் கோட்டைகளில் நேரில் பார்த்தவர், பதினான்காம் லூயியின் பொறியாளர் வோபான். 1683 ஜூலையில் போர் அமைச்சர் லூவாவுக்கு அவர் எழுதிய கடிதம் பிரெஞ்சுக் கட்டுமானத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. முந்தைய ஆண்டுகளின் வேலைகள் முடியாமல் கிடக்கின்றன, இனியும் முடியாது என்று முறையிடுகிறார். ஒப்பந்தத்தை முறித்து, மறுபடி விட்டு, இன்னும் குறைத்துக் கேட்பவரைத் தேடுவதால், வேறு போக்கிடம் இல்லாதவர்களும் எத்தர்களும் தொழில் அறியாதவர்களும்தான் வருகிறார்கள், பணமும் திறமையும் உள்ளவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். வேலைக்கு உரிய விலையைக் கொடுத்து நல்லவரைப் பிடித்து வைத்துக்கொள்வதே கடைசியில் மலிவாக முடியும் என்றும் சொன்னார். அமைச்சரகங்கள் அதை அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் வாய் ஏலம் மெல்லப் பின்வாங்கி, மூடிய உறை முன்னுக்கு வந்தது. பிரான்ஸில் 1836 டிசம்பர் 4ஆம் தேதியிட்ட அரசாணை, விளம்பரமும் போட்டியும் உள்ள பொது ஒப்பந்த முறையைப் பொது விதியாக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் பொதுப்பணித் துறை வழியாக நம் நாட்டுக்கு வந்ததும் இந்த உறைதான். அரக்கு வைத்த உறை, குறித்த நாள், குறித்த மணி, எல்லார் முன்னிலையிலும் திறந்து வாசித்தல். உறையின் அடிப்படை எளிது. அடுத்தவர் என்ன போட்டிருக்கிறார் என்று தெரியாததால், ஒவ்வொருவரும் தன் செலவைத் தானே கணக்கிட்டு, அதன் மேல் தன் லாபத்தை வைத்து, ஒரே ஒரு தொகை எழுத வேண்டும். சபையில் வீம்புக்கு இறங்க வழியில்லை. முன்கூட்டியே தொகையைப் பேசி வைத்து சிண்டிகேட் சேர்ந்தவர்களுக்கும் சங்கடம். பேசி வைத்தபடி கூட்டாளி எழுதினானா என்பது உறை திறக்கும்வரை தெரியாது. வாய் ஏலத்தில் அப்படியில்லை; துரோகம் செய்தவனை அந்த இடத்திலேயே பார்த்துப் பதிலுக்கு இறங்கித் தண்டிக்கலாம். ஆகவே திறந்த ஏலம் வந்தால் சிண்டிகேட் ஒழியும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை.

1995இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கிளென் மீக்கமும் சாம் கின்னியும் ஃப்ரீமார்க்கெட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மீக்கம் அதற்கு முன் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்தவர். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள், வார்ப்பு இரும்பு, கடைசல் செய்த உதிரிகள் போன்றவற்றை விற்பவர்களைக் கணினியில் கூட்டி, சில மணி நேரத்தில் விலையை இறக்கிக் காட்டுவது அவர்கள் தொழில். 1999 டிசம்பரில் அதன் பங்கு 48 டாலருக்கு விற்பனைக்கு வந்து, முதல் நாள் முடிவில் 280 டாலரில் நின்றது. அடுத்த ஆண்டே ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், டைம்லர் கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து கோவிசின்ட் என்ற கொள்முதல் தளத்தை அமைத்தன. டாட்காம் குமிழி உடைந்த பிறகு, 2004இல் ஃப்ரீமார்க்கெட்ஸை அரிபா என்ற நிறுவனம் வாங்கியது. அரிபாவை 2012இல் எஸ்.ஏ.பி. வாங்கியது.

அந்த வெற்றியில் பலரும் கவனிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. ஏலம் சில மணி நேரம்தான், ஆனால் அதற்கு முன் வாரக்கணக்கில் நிறுவனத்தின் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தின் வரைபடம், பொருள், எண்ணிக்கை, தரச் சோதனை எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதி, தகுதியுள்ள விற்பனையாளர்களைத் தேடிச் சேர்த்தார்கள். விலை இறங்கியதில் அந்த வேலைக்கும் பெரும் பங்கு உண்டு. திரையில் ஓடும் எண்கள் எல்லார் கண்ணிலும் பட்டன. பின்னால் நடந்த இந்தத் தயாரிப்பு யார் கண்ணிலும் படவில்லை.

அமெரிக்க அரசுக் கொள்முதல் விதிகள் 1997வரை, ஒருவர் விலையை இன்னொருவருக்குச் சொல்லிக் குறைக்க வைப்பதை வெளிப்படையாகத் தடுத்திருந்தன. அந்த ஆண்டுத் திருத்தத்தில் தடை நீங்கியது. 2000 மே மாதம் கடற்படை, விமானி அவசரமாக வெளியேறும் இருக்கைக்கான பாகங்களை இணைய ஏலத்தில் வாங்கியது. உற்சாகம் பரவி, கட்டுமான வேலைகளையும் இப்படியே விடலாமே என்ற எண்ணம் எழுந்தது.

இங்கேதான் கட்டுமானத் தொழிலில் தகராறு தொடங்கியது. உதிரிபாகம் ஏற்கெனவே இருக்கும் பொருள். கட்டடம் இன்னும் இல்லாத பொருள். தரையைத் தோண்டினால் பாறை வருமா, ஊற்று வருமா என்பது தோண்டிய பிறகுதான் தெரியும். வரைபடம் பாதியில் மாறும். மழை பெய்யும். 10 கோடி ரூபாய் மதிப்புள்ள வேலைக்கு இணைய ஏலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்குக் குறைந்தது அரை சதவீதம் இறங்க வேண்டும் என்றால், ஒவ்வொரு சொடுக்கும் 5 லட்சம் ரூபாய். முடியும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பு யாராவது இறங்கினால் நேரம் தானாக நீளும். மெழுகுவர்த்தித் தந்திரத்துக்கு மென்பொருள் கண்டுபிடித்த மாற்று இது. திரையில் மற்றவர்களின் பெயர் தெரியாது, தொகையோ தன் வரிசை எண்ணோ தெரியும். அரை மணி நேரத்தில் நாலு சொடுக்கு என்றால் 20 லட்சம். கம்பி விலையும் சிமெண்ட் விலையும் சந்தையில் இருப்பவை, அவற்றில் கை வைக்க முடியாது. அளவுப் பட்டியலைத் திரும்பப் போட்டுப் பார்க்க நேரமில்லை. அப்படியானால் அந்த 20 லட்சம் எங்கிருந்து வரும்? சப்-காண்ட்ராக்ட் எடுக்கும் மேஸ்திரியின் ரேட்டில் இருந்து, சாரத்துக்கான வாடகையில் இருந்து, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் நாட்களில் இருந்து, தளத்தில் நிற்க வேண்டிய பொறியாளரின் சம்பளத்தில் இருந்து. இவை எதிலும் முடியாவிட்டால், ‘கூடுதல் வேலை’ என்று பின்னால் எழுதப்போகும் பில்லில் இருந்து.

உறைக்கும் திரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உறையில் ஒப்பந்ததாரர் தன் செலவைப் பார்த்து எழுதுகிறார்; திரையில் அடுத்தவரின் எண்ணைப் பார்த்து இறங்குகிறார். 1971இல் கடலடி எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்பல் என்ற மூன்று பொறியாளர்கள், மதிப்பு நிச்சயமாகத் தெரியாத பொருளை ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் கணக்கில் அதிகம் தவறியவராகவே இருப்பார் என்று காட்டினார்கள். கட்டுமானத்துக்கு இது அப்படியே பொருந்தும்: பாறையைக் கணக்கில் மறந்தவருக்கே வேலை கிடைக்கும்.

அமெரிக்கப் பொது ஒப்பந்ததாரர் சங்கம் இணைய ஏலத்தைக் கடுமையாக எதிர்த்தது. ஒருவரின் விலையை இன்னொருவரிடம் காட்டிக் குறைக்கச் சொல்வது அங்கே நெடுங்காலமாகக் கேவலமான பழக்கமாகக் கருதப்பட்டது. அதையே அரசு அதிகாரபூர்வமாகச் செய்வதா என்பது அவர்கள் கேள்வி. தங்கள் லாபம் குறையும் என்ற கவலையும் அதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சோதனை முடிவு அவர்கள் பக்கமே நின்றது. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை, கட்டுமான வேலைகள் சிலவற்றை இணைய ஏலத்தில் விட்டுப் பார்த்து, 2004இல் அறிக்கை தந்தது. மூடிய உறையைவிட இணைய ஏலத்தால் குறிப்பிடத்தக்க சேமிப்போ சிறு சேமிப்போ கிடைத்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. பொருளியலாளர்களுக்கு இதில் வியப்பில்லை. வில்லியம் விக்ரி 1961லேயே, சில எளிய நிபந்தனைகளின் கீழ் திறந்த ஏலமும் மூடிய ஏலமும் சராசரியாக ஒரே விலையில்தான் வந்து நிற்கும் என்று நிறுவியிருந்தார். சொந்தப் பணத்தில் கட்டுபவர்களின் நடத்தையும் கவனிக்கத்தக்கது. 1995 முதல் 2000 வரை வட கலிஃபோர்னியாவில் தனியார் கட்டிய வணிகக் கட்டடங்களில் ஏறக்குறைய பாதி, எந்த ஏலமும் இல்லாமல் நேரடியாகப் பேசி முடிக்கப்பட்டவை என்று பஜாரி, மக்மில்லன், டேடலிஸ் ஆகிய மூவரின் ஆய்வு காட்டுகிறது. வேலை எவ்வளவு சிக்கலோ அவ்வளவு பேச்சுவார்த்தை.

மற்ற நாடுகள் ஆளுக்கொரு கோடு போட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி இணைய ஏலத்தை அனுமதித்தது, ஆனால் கட்டட வடிவமைப்பு போன்ற அறிவு சார்ந்த பணிகளை அதிலிருந்து விலக்கியது. பிரேசில் 2000இல் ‘பிரெகாவ்’ என்ற இறங்கு ஏலத்தைக் கொண்டுவந்தபோது பொறியியல் வேலைகளைச் சேர்க்கவில்லை. உலகக் கோப்பைக்கும் ஒலிம்பிக்குக்கும் அவசரமாகக் கட்ட வேண்டி வந்ததும், 2011இல் தனிச் சட்டம் போட்டுத் திறந்த ஏலத்துக்கு வழி விட்டது. அமெரிக்கா 2020 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம், குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட, சிக்கலான வடிவமைப்பு மற்றும் கட்டுமானப் பணிகளுக்கு மத்திய அரசுத் துறைகள் இணைய இறங்கு ஏலம் நடத்துவதைத் தடை செய்தது. ராணுவப் பொறியாளர்களின் அறிக்கைக்கும் இந்தத் தடைக்கும் நடுவே 16 ஆண்டுகள்.

இந்தியாவில் உறை முறை சட்டத்தாலும் ஆணைகளாலும் இறுக்கமாகக் கட்டப்பட்டது. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, உறை திறந்த பிறகு விலையைக் குறைக்கப் பேசுவதென்றால் மிகக் குறைவாகக் கேட்டவரோடு மட்டுமே பேசலாம். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும் ‘எல்-1’ எனப்படும் அந்த மிகக் குறைவாகக் கேட்டவரைத் தவிர வேறு எவரோடும் பேரம் கூடாது என்று சொல்லிவந்தது. பேரம் என்றாலே லஞ்சத்தின் வாசல் என்ற பயம் அதற்குக் காரணம். இணைய ஏலம் இந்தப் பயத்துக்கு மருந்தாக வந்தது: பேரமும் நடக்கும், அதிகாரியின் கையும் படாது. 2016இல் அரசு மின்சந்தையான ‘ஜெம்’ தொடங்கியது. 2017இன் பொது நிதி விதிகள் மின்னணு இறங்கு ஏலத்துக்குத் தனி விதி வகுத்தன. 2018இல் ரயில்வே பெரிய தொகைக் கொள்முதல்களுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் அதைக் கொண்டுவந்தது.

இந்த முறைக்கு இந்தியாவில் பெரும் புகழ் தேடித் தந்தது சூரிய மின்சாரம். 2017 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் ரேவா பூங்காவுக்கான ஏலம் 33 மணி நேரம் நீண்டு, முதல் ஆண்டு மின் விலையை யூனிட்டுக்கு 2 ரூபாய் 97 காசுக்கு இறக்கியது. அதே ஆண்டு மே மாதம் ராஜஸ்தானின் பத்லாவில் 2 ரூபாய் 44 காசு. ஆனால் சூரிய மின் ஏலத்தில் வென்றவர் நிலையத்தைக் கட்டிவிட்டுப் போவதில்லை. அதன் சொந்தக்காரராக இருந்து 25 ஆண்டுகள் மின்சாரம் விற்கிறார், மட்டமாகக் கட்டினால் நஷ்டம் அவருக்கே. பள்ளிக்கூடம் கட்டுபவர், குறைபாடுகளுக்குப் பொறுப்பேற்கும் காலம் முடிந்ததும் தன் பிணைத்தொகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரே மாதிரித் தோன்றும் இந்த இரண்டு ஏலங்களும் ஒன்றல்ல. இதைக் கவனிக்காமல் சூரிய மின்சாரத்தின் வெற்றியைச் சாலைக்கும் அணைக்கும் காட்டியது பிழை.

அணைக்கு அது வந்தது ஆந்திரத்தில். 2019 மே மாதம் ஆட்சிக்கு வந்த ஜெகன்மோகன் ரெட்டி அரசு, முந்தைய ஆட்சியின் ஒப்பந்தங்களை ‘ரிவர்ஸ் டெண்டரிங்’ முறையில் மறுபடி விடுவதாக அறிவித்தது. முதலில் எடுத்தது கோதாவரியின் குறுக்கே எழும் போலவரம் அணை. வேலையில் இருந்த ஒப்பந்ததாரரை விலக்கி மறு டெண்டர் விடுவதால் காலமும் செலவும் கூடும் என்று போலவரம் திட்ட ஆணையம் எச்சரித்தது, வழக்கும் நடந்தது. செப்டம்பரில், பிரதான அணையும் நீர்மின் நிலையமும் சேர்ந்த 4,987 கோடி ரூபாய் வேலையை மேகா நிறுவனம் ஏறக்குறைய 4,359 கோடிக்கு எடுத்தது. 12.6 சதவீதம் குறைவு, 628 கோடி மிச்சம் என்று அரசு அறிவித்தது. போட்டிக்கு வந்தது அந்த ஒரு நிறுவனம்தான் என்று அன்றைய செய்திகள் கூறின. எதிரே ஆளே இல்லாத ஏலத்தில் விலை எப்படி இறங்கியது என்று எதிர்க்கட்சி கேட்டதில் நியாயம் இருந்தது.

அடுத்து வந்த வெள்ளங்களில் அணையின் அடியில் நீர்க் கசிவைத் தடுக்கக் கட்டியிருந்த டயாஃப்ரம் சுவர் சேதமடைந்தது. அதற்கு யார் பொறுப்பு என்று ஜெகன்மோகன் ரெட்டியின் கட்சியும் அன்றைய எதிர்க்கட்சியும் ஒன்றையொன்று சாடின. ஏலமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒப்பந்ததாரரை நடுவில் மாற்றியதால் போன நாட்களுக்கு விலை போட்டு, அந்த 628 கோடியிலிருந்து எவரும் கழித்துக் காட்டவில்லை. ஏலத்தன்று அறிவிக்கப்படும் மிச்சம், வேலை முடிந்த அன்று இருக்கும் மிச்சம் அல்ல.

இதற்கிடையே, 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை, பொதுப்பணிகளில் குறைந்த விலையை மட்டும் பார்க்காமல் தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று வழிகாட்டியது. தரத்தின் பங்குக்கு உச்ச வரம்பு 30 சதவீதம். ஆந்திரத்தில் ஆட்சி மாறி, சந்திரபாபு நாயுடுவின் அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28 அன்று ரிவர்ஸ் டெண்டரிங்கை ரத்து செய்து பழைய டெண்டர் முறைக்குத் திரும்பியது. போலவரத்தில் புதிய டயாஃப்ரம் சுவர் எழுப்பும் வேலை 2025 ஜனவரியில் தொடங்கியது.